எடைக்கு எடை வெல்லம்

1

ஆடி பிறக்கப்போகிற வாரம் குடியாத்தத்திலிருந்து அக்கா போன் செய்தாள். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது. எடுத்த எடுப்பில், “செல்வி, இப்ப இன்னா வெயிட்டு கீற?” என்றாள்.

நான் பொம்மசந்திராவில் ஒரு கூரியர் ஆபீஸ் கவுண்டரில் வேலை செய்கிறவள். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஊரார் சாமானை எடை போட்டுச் சீட்டு ஒட்டுவதுதான் பிழைப்பு. அப்போதும் ஒருவர் பெட்டியைத் தராசில் வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா கேட்டது அந்தப் பெட்டியை இல்லை, என்னை என்று உறைக்கச் சற்று நேரம் பிடித்தது.

“எதுக்குக்கா?”

“எதுக்கா? நல்லா கேட்ட போ. வேண்டுதல் மறந்துபூட்ச்சா? அஞ்சு வருசம் முடிஞ்சிதில்ல? ரெண்டாவது வெள்ளிக்கி நம்ம கோயில்ல தராசு கட்றாங்க. மாமா மண்டியில சொல்லி வெல்லம் எடுக்கணும். தோராயமா சொல்லாத, கரெக்டா சொல்லு. அம்மனுக்குக் குறைச்சி வெச்சா நல்லா இருக்காது.”

“எழுவத்தி நாலு” என்றேன்.

“அப்ப எழுவத்தஞ்சா எடுத்துடறோம். நீ வர்றதுக்குள்ள இன்னும் ஒரு கிலோ ஏறினாலும் ஏறுவ” என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாள்.

ஊரில் இருக்கும் உங்களுக்குத் துலாபாரத்தை விளக்க வேண்டியதில்லை. தராசின் ஒரு தட்டில் ஆள் உட்கார வேண்டும், மறு தட்டில் நேர்ந்துகொண்ட பொருளை வைக்க வேண்டும். ஐந்து வருஷத்துக்கு முன்னால் இங்கே எனக்கு மார்பில் ஆபரேஷன் நடந்த காலையில், அக்கா எங்கள் தெரு அம்மன் எதிரில் ஈரப் புடவையோடு நின்று வேண்டிக்கொண்டாள். தங்கச்சி ஐந்து வருஷம் தாண்டித் தன் காலால் நடந்து வந்து உன் தராசில் உட்கார்ந்தால் எடைக்கு எடை வெல்லம். மாத்திரை ஐந்து வருஷம் சாப்பிட வேண்டும் என்று டாக்டர் சொன்னதை என் வீட்டுக்காரர் போனில் சொல்லியிருந்தார். அதிலிருந்து அந்த ஐந்து வருஷம் அக்காவுக்கு அக்கரை ஆகிவிட்டது. நீந்திப் போய்ச் சேர்ந்துவிட்டால் முடிந்தது என்று நினைத்தாள்.

நான் அவளிடம் சொன்ன எடை தை மாதத்தில் ஆஸ்பத்திரியில் எடுத்தது. ஆனி கடைசியில் என் எடை அது இல்லை. குறைந்துகொண்டே வந்தது. நான் குறைக்கவில்லை, தானாகக் குறைந்தது. அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

2

முதலில் ஏறிய கதையைச் சொல்லிவிடுகிறேன். புற்றுநோய் என்றால் ஆள் இளைத்துத் துரும்பாவார் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். மருந்து ஏற்றிக்கொண்டிருந்த மாதங்களில் முடி போனது, நாக்கு செத்தது. எடை மட்டும் போகவில்லை. வாந்தி வராமல் இருக்கக் கொடுத்த மருந்தில் முகம் அப்பம் மாதிரி உப்பியது. அதெல்லாம் முடிந்து தினமும் ஒரு மாத்திரை என்று ஆனதும், மாதவிலக்கு நின்றது, பசி வந்தது. அப்படிப்பட்ட பசியை நான் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோதும் பார்த்ததில்லை. கவுண்டரில் நின்றுகொண்டே பன் தின்பேன்.

எங்கள் தொழிலில் ஒரு கணக்கு உண்டு. பார்சல் எவ்வளவு கனக்கிறது என்று மட்டும் பார்ப்பதில்லை. எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்றும் பார்ப்போம். இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் சார்ஜ். தலையணை அனுப்ப வருகிறவர்கள் இதற்காக எங்களோடு சண்டை போடுவார்கள். எங்கள் ஊர்க்காரர்களும் என்னை இந்தக் கணக்கில்தான் பார்த்தார்கள். மருந்தெல்லாம் முடிந்த வருஷம் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். மண்டபத்துப் படியிலேயே ஆளாளுக்குக் கையைப் பிடித்துக்கொண்டார்கள். “சும்மா சொல்லக்கூடாது, நல்லா தேறிட்ட”, “பெங்களூர் தண்ணி ஒத்துக்கினுச்சி”, “இப்பதான் பாக்கற மாதிரி கீற.” உள்ளே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று யாரும் கேட்கவில்லை. இடது பக்கம் ரவிக்கைக்குள் நான் வைத்திருந்த பஞ்சுப் பொதி நகர்ந்துவிடாமல் முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

ஆஸ்பத்திரியில் நேர்மாறு. என் டாக்டர் மைசூர்ப் பக்கத்துப் பெண்மணி. தமிழ் பேச வேண்டும் என்று அவருக்கு ஆசை. “செல்வி, இது பேட. இஷ்டு வெயிட்டு ஒள்ளேது அல்ல, நல்லதில்ல. மாத்திரை வேலை செய்யணும், நீங்களும் வேலை செய்யணும். நடக்கணும்” என்பார். உடம்பில் கொழுப்பு கூடினால் எனக்கு வந்த வகைப் புற்றுக்கு அது தீனி மாதிரி என்று படம் போட்டுக் காட்டினார். ஊரில் சதை போட்டால் ஆரோக்கியம், இங்கே சதை போட்டால் ஆபத்து. நான் ஒரே உடம்பை வைத்துக்கொண்டு இரண்டு ஊருக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

என் மகள் நிவியால் இன்னொரு கூத்து. அவள் இங்கே பிறந்து வளர்ந்தவள். பி.யு. இரண்டாம் வருஷம், நம் ஊர்க் கணக்கில் ப்ளஸ் டூ, படிக்கிறாள். தமிழ் பேசுவாள், எழுத்து தெரியாது. வாய் திறந்தால் பாதி கன்னடம் வந்து விழும். ஒரு நாள் அக்காவோடு போனில் பேசிக்கொண்டிருந்தவள், “பெரிம்மா, அம்மா ரொம்ப தப்பா ஆயிட்டாங்க” என்றாள். கன்னடத்தில் தப்ப என்றால் குண்டு. அந்தப் பக்கம் அக்கா “அய்யோ, இன்னாடி சொல்ற!” என்று அலறியது சமையல்கட்டில் இருந்த எனக்கே கேட்டது. நான் ஓடிவந்து போனைப் பிடுங்கி, தங்கச்சி கெட்டுப்போகவில்லை, பெருத்துப்போனாள் என்று விளக்கினேன். அன்றைக்கு மூன்று பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

சிரிக்க முடியாத இடங்களும் உண்டு. பேங்கில் ஏதோ சரிபார்க்க வேண்டும் என்று கூப்பிட்டார்கள். கைரேகை விழவில்லை, மருந்தில் விரல் நுனித் தோல் உரிந்து வளர்ந்திருந்தது. ஆதார் அட்டைப் படத்தில் ஒட்டிய கன்னமும் இடுப்பு வரை சடையுமாக ஒருத்தி இருக்கிறாள். கவுண்டர் பையன் அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “மேடம், இது நீவேனா?” என்றான். ஆமாம், நானேதான் என்று கன்னடத்தில் சொன்னேன். அவன் நம்பவில்லை. மேனேஜரைக் கூப்பிட்டான். அவரும் நம்பவில்லை. கடைசியில் டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டி, எனக்கு வந்த நோயை அந்த வரிசை முழுக்கக் கேட்கும்படி சொல்லித்தான் நான் நான்தான் என்று நிரூபித்தேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து கண்ணாடிக்கு மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினேன். சாயங்காலம் நிவி அதை எடுத்து மடித்து வைத்தாள்.

அப்புறம் ஒரு வழியாக நடக்க ஆரம்பித்தேன். வெள்ளை அரிசியைக் குறைத்தேன். ஏரிக்கரையில் காலை நடை. மாதக் கணக்கில் நடந்து கொஞ்சம் இறக்கினேன். எழுபத்தி நாலு அப்படி வந்ததுதான். டாக்டர் முதுகில் தட்டிக் கொடுத்தார். நானும் கொஞ்சம் அலட்டிக்கொண்டேன்.

3

என் அம்மா இளைத்துச் செத்தவள். எனக்குக் கல்யாணமாகி இங்கே வந்த அடுத்த வருஷம். கட்டி இருப்பதை அவள் யாரிடமும் காட்டவில்லை. மார்பில் இருப்பதை யாரிடம் போய்க் காட்டுவது என்று இருந்துவிட்டாள். துணிக்குள் நீர் கசிந்து அக்கா பார்த்தபோது காலம் கடந்துவிட்டது. நான் பார்க்கப் போகும்போதெல்லாம் அம்மாவில் ஒரு பங்கு குறைந்திருக்கும். முதலில் மோதிரம் கழன்றது. அப்புறம் வளையல். அப்புறம் உட்கார்ந்தால் எலும்பு தரையில் இடிக்கிறது என்று தலையணை கேட்டாள்.

கடைசி மாதங்களில் அவளைத் தூக்கிக் குளிப்பாட்டியது அக்காதான். நான் இங்கே புது வீடு, புது பாஷை, புது மாப்பிள்ளை என்று இருந்தேன். காரியம் முடிந்த பிறகு ஒரு நாள் அக்கா தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “முதல்ல ரெண்டு பேரு சேந்துதான் தூக்குவோம். அப்பால நான் ஒருத்தியே தூக்கினேன். கடைசில ஒரு கையில தூக்கிக்கினு இன்னொரு கையில தண்ணி ஊத்தினேன்.” அழாமல் சொன்னாள். எனக்கு இன்றைக்கும் அம்மாவின் முகத்தைவிட அந்தக் கைகள்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன.

அதனால்தான், போன வருஷம் டாக்டரிடம் அக்காவின் வேண்டுதலைச் சொல்லி, வெட்கத்தை விட்டுக் கேட்டேன். “ஐந்து வருஷம் முடிந்தால் தப்பித்தேன் என்று அர்த்தமா?”

அவர் பேனாவை மூடி வைத்தார். “உங்க அக்காவுக்கு என்ன சொல்லணுமோ அதச் சொல்லுங்க. உங்களுக்கு நான் நிஜா சொல்றேன். இந்த வகை சில பேருக்கு ரொம்ப லேட்டாவும் திரும்பி வருது. ஐந்து வருஷம் நல்ல விஷயம்தான். ஆனா அது கேட் இல்ல, மூடிட்டுப் போறதுக்கு. மாத்திரை இன்னும் தொடரலாம்.” நான் எழுந்தபோது இன்னொன்றும் சொன்னார். “நீங்களா குறைச்சா சந்தோஷம். காரணமே இல்லாம குறைஞ்சா, பார்ட்டி கீர்ட்டி கொண்டாடாம உடனே என்கிட்ட வரணும். சரியா?”

சரி என்று தலையாட்டினேன். நல்ல மாணவி மாதிரி.

4

வைகாசியில் முழங்கால் வலி என்று நடையை நிறுத்தினேன். மழையும் பிடித்துக்கொண்டது. நடை இல்லை, பத்தியம் இல்லை, நிவியின் பிறந்தநாளுக்குப் பிரியாணி, ஆபீஸில் யாரோ ஒருவரின் பிரிவுபசாரத்துக்குக் கேக். எடை ஏறியிருக்க வேண்டும். ஆனால் பாவாடை நாடாவை இழுத்துக் கட்டும்போது முடிச்சுக்கு மேல் மிஞ்சுகிற நாடா நீண்டுகொண்டே போனது. கை கழுவும்போது வளையல் தொட்டியில் விழுந்தது. சோப்பு வழுக்கி விழுந்திருக்கும் என்று எடுத்துப் போட்டுக்கொண்டேன். அடுத்த வாரம் சோப்பு இல்லாமலே விழுந்தது.

ஆபீஸில் எல்லோரும் சாப்பிடப் போகும் நேரத்தில் பார்சல் தராசில் ஏறி நின்றேன். முதல் தடவை எண்ணைப் பார்த்ததும், தராசு கெட்டுவிட்டது என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்த அரிசி மூட்டையை ஏற்றிப் பார்த்தேன். அது சரியாகக் காட்டியது. அதற்கப்புறம் எனக்கு அந்தத் தராசுதான் பேய். காலையில் ஆபீஸ் கதவைத் திறக்கும்போது முதலில் அதைத்தான் பார்ப்பேன். இன்று ஏறக்கூடாது என்று நினைத்துக்கொண்டே ஏறுவேன். ஒரு நாள் கொஞ்சம் கூடியிருக்கும். அன்று முழுக்க வாடிக்கையாளர்களிடம் குசலம் விசாரிப்பேன். மறுநாள் அதையும் சேர்த்துக் குறைந்திருக்கும்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். முதுகு வலித்தால் எலும்பில் வந்துவிட்டது. இருமினால் நுரையீரல். வீட்டுச் சாவியை வைத்த இடம் மறந்தால் மூளை. ஒவ்வொன்றாக உடம்பு முழுக்க அதற்கு வீடு பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அம்மா வேறு வந்துவிட்டாள். கனவில் இல்லை, பட்டப்பகலில், கண்ணாடியில். கழுத்தெலும்பு தெரிந்த இடத்தில் அவளுடைய கழுத்து இருந்தது.

பக்கத்து சீட்டு ரூபா ஒரு நாள், “மேடம், சூப்பரா ஸ்லிம் ஆகிட்டீங்க. என்ன டயட், எனக்கும் சொல்லிக் கொடுங்க” என்றாள். பாராட்டுக்கு நன்றி சொல்வதா, ஓவென்று அழுவதா என்று தெரியவில்லை. ராத்திரி சாப்பாட்டை விட்டுவிடு என்று பொய் சொன்னேன்.

நிவி மட்டும் நேராகக் கேட்டாள். காயப்போட்ட என் சுடிதாரை எடுத்து மடித்துக்கொண்டிருந்தவள் என் பக்கம் திரும்பினாள்.

“அம்மா, இது உனக்கு லூஸ் ஆகிடுச்சு. டாக்டர்கிட்ட சொன்னியா?”

“அடுத்த மாசம் செக்கப் இருக்குல்ல, அப்ப சொல்லிக்கலாம். முதல்ல பெரிம்மா வேண்டுதல் முடியட்டும்.”

“சும்னே ஏதாவது சொல்லாத. வேண்டுதலுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?”

சம்பந்தம் எதுவும் இல்லைதான். பயம். வேறு ஒரு காரணமும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகாத வரை நான் ஐந்து வருஷம் தாண்டிய செல்வி. போய்விட்டால் என்ன ஆவேன் என்று தெரியாது. அக்காவின் தராசில் ஒரே ஒரு முறை அந்தச் செல்வியாக உட்கார்ந்துவிட்டு வந்துவிடலாம் என்று ஆசைப்பட்டேன். எழுபத்தி நாலு என்று வாயில் வந்ததும் அதனால்தான். பார்சல் கட்டுகிறவளும் எடை போடுகிறவளும் ஒருத்தியே என்றால் கேட்பாரில்லை என்ற நினைப்பு.

5

ஆடி இரண்டாம் வெள்ளி. காலை வேலூர் பஸ்ஸில் ஏறி, பள்ளிகொண்டாவில் மாறி, குடியாத்தம் போய்ச் சேர்ந்தோம். பட்டுப் புடவையைச் சுற்றிச் சுற்றிக் கட்டியிருந்தேன். அக்கா வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றாள். கட்டிப் பிடித்தவள் ஒரு கணம் பிடியைத் தளர்த்தி மறுபடியும் பிடித்தாள். “பஸ்ஸுல வந்ததுல வாடிட்ட” என்றாள். அவ்வளவுதான்.

கோயிலில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். மண்டபத்து உத்தரத்தில் இரும்புத் தராசு தொங்கியது. ஒரு ஆள் உட்காரக்கூடிய மரத் தட்டுகள், நாலு பக்கமும் சங்கிலி. மாமா மண்டியிலிருந்து கொண்டுவந்த உருண்டை வெல்லத்தை ஒரு தட்டில் ஏற்கெனவே அடுக்கிவிட்டார்கள். மாமா முப்பது வருஷமாக வெல்ல மண்டியில் இருக்கிறவர். நல்ல பாகு, மணல் கலக்காத சரக்கு என்று போகிறவர் வருகிறவருக்கெல்லாம் கிள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

பூசாரி என் தலையில் மஞ்சள் நீர் தெளித்தார். அம்மனைக் கும்பிட்டுவிட்டு காலி தட்டில் ஏறிச் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். பஞ்சுப் பொதி இடது பக்கம் பத்திரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அதையும் சேர்த்துத்தான் அம்மன் என்னை எடை போட வேண்டும். தட்டு ஆடாமலிருக்க அக்கா என் பக்கச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் வீட்டுக்காரர் போனில் வீடியோ எடுத்தார்.

முட்டுக் கட்டையை உருவினார்கள். வெல்லத் தட்டு தரையில் அப்படியே உட்கார்ந்திருந்தது. நான் மேலே போனேன்.

“பராசக்தி!” என்று ஒரு கூட்டம் கத்தியது. “அம்மன் மனசு நெறஞ்சிட்டா!” யாரோ மணியடித்தார்கள். காணிக்கை கனத்தால் ஊரில் அது நல்ல சகுனம். அக்கா கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“ரெண்டும் சமமா நிக்கணும் தாயி. கொஞ்சம் எடுத்துடுங்க” என்றார் பூசாரி.

மாமா ஒரு உருண்டையை எடுத்துத் தாம்பாளத்தில் வைத்தார். தட்டு அசையவில்லை. இன்னொன்று. அசையவில்லை. “இனிப்ப உட மாட்டேங்கறா பாரு” என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். மாமா மண்டிக்காரர், அளவு தப்பியதில் அவருக்குக் கூச்சம். “நான் கரெக்டாதான் போட்டேன்” என்று சொல்லிக்கொண்டே எடுத்தார். தாம்பாளத்தில் உருண்டைகள் சேர்ந்தன. சிரிப்பு மெல்ல அடங்கியது. பின்னால் ஒரு பெண், “இன்னா இது, எடுக்க எடுக்க…” என்று ஆரம்பித்தாள். யாரோ அவளை அடக்கினார்கள்.

நான் அந்தத் தாம்பாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தை மாதத்திலிருந்து என்னிடமிருந்து காணாமல் போனதை, பழுப்பு நிறத்தில், கும்பலாக, எல்லோர் முன்னாலும் குவித்து வைத்திருந்தார்கள். மறைத்து வைக்க ஒன்றும் மீதமில்லை. நிவி தூணருகில் நின்றிருந்தாள். அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நிமிர்ந்தேன். அக்கா வெல்லத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்து, கை, தொங்குகிற ரவிக்கை என்று அவள் கண் இறங்கியது. அவள் கை அம்மாவைத் தூக்கிப் பார்த்த கை. அதற்குத் தராசு தேவையில்லை. வாசலில் கட்டிப் பிடித்தபோதே அவளுக்குத் தெரிந்திருக்கிறது என்று அப்போது எனக்குப் புரிந்தது.

மாமா அடுத்த உருண்டைக்குக் கையை நீட்டினார். என் தட்டு சட்டென்று இறங்கியது. மாமா இன்னும் எதையும் எடுக்கவில்லை. நான் குனிந்து பார்த்தேன். சங்கிலியைப் பிடித்திருந்த அக்காவின் கை கீழே வந்து, என் முந்தானைக்கு அடியில், தட்டின் விளிம்பில் அழுத்திக்கொண்டிருந்தது. நகமெல்லாம் வெளுத்திருந்தது.

“நின்னுபோச்சு சாமி. சமமாயிட்ச்சி. கற்பூரம் காட்டுங்க” என்றாள். குரல் கணீரென்று இருந்தது.

அம்மனுக்கு முன்னால் அக்கா ஒரு பூவைக்கூட எச்சில் கையால் தொடமாட்டாள். வீட்டுக்குத் தூரமான நாட்களில் அந்தத் தெரு வழியாகவே போகமாட்டாள். அவள், எரிகிற கற்பூரத்துக்கு எதிரில், தீபாராதனை முடிகிற வரை கையை எடுக்கவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் கிருஷ்ணகிரி தாண்டிய பிறகு நிவி என் தோளில் சாய்ந்தாள். “அந்தத் தாம்பாளத்த நான் தூக்கிப் பாத்தேன்மா” என்றாள். முன் சீட்டில் இருந்த என் வீட்டுக்காரர் திரும்பாமலே, “நாளைக்கி ஷிப்டுக்கு லீவு சொல்லிட்டேன். காலையில ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்” என்றார். இத்தனை நாள் நான் இவர்களிடம் மறைத்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இவர்களும் தெரிந்துகொண்டே என்னிடம் மறைத்திருக்கிறார்கள்.

6

டாக்டர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. வயிற்றை அழுத்திப் பார்த்தார், கழுத்தைத் தடவிப் பார்த்தார். தைராய்டாக இருக்கலாம், சர்க்கரையாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம் என்றார். ரத்தம் எடுத்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். அந்தக் குழாய்க்குள் படுத்திருந்தபோது மூச்சை இழுங்கள், பிடியுங்கள், விடுங்கள் என்று இயந்திரம் கன்னடத்தில் சொன்னது. சொன்னபடி செய்தேன். எல்லாம் வியாழக்கிழமை தெரியும்.

இதை எழுதுவது ஞாயிற்றுக்கிழமை. காலையில் அக்கா போன் செய்தாள்.

“செல்வி, நான் ஒரு பாவம் பண்ணிட்டேன்டி. தராசுல கைய வெச்சி அழுத்திட்டேன்.”

“தெரியும்க்கா. பாத்தேன்.”

“அவளும் பாத்தா.”

அக்காவைச் சிரிக்க வைக்க எனக்கு எப்போதும் வார்த்தைக்குப் பஞ்சம் வந்ததில்லை. “இன்னாக்கா பெரிய பாவம்? நீ அழுத்தினதால அம்மனுக்கு வெல்லம் கூடத்தான் போச்சு. குறையலியே. மாமாவுக்குத்தான் நஷ்டம்” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. “வெல்லத்துக்குச் சொல்லலடி. இல்லாத உன்ன இருக்கறதா காட்டிட்டேன். அவகிட்ட போயி” என்றாள். அப்புறம் அழுதாள். அம்மாவுக்கு அழாதவள். போனைக் காதில் வைத்துக்கொண்டு நானும் நின்றேன். வியாழக்கிழமை கெட்ட செய்தி வந்தால் அதைத் தன் கையால் அழுத்தி வரவழைத்தோம் என்றே சாகும் வரை இவள் நம்புவாள் என்று நினைத்தபோது, என் உயிரைவிட அதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது. நல்ல செய்தி வரட்டும் என்று அப்போதுதான் முதல் முறையாக வாய்விட்டு வேண்டிக்கொண்டேன், எனக்காக இல்லை.

மூக்கைச் சிந்திவிட்டு அக்கா கேட்டாள். “ரிப்போர்ட்டு என்னிக்கி வருது?”

நான் அவளிடம் டெஸ்ட் எடுத்ததைச் சொல்லவே இல்லை.

“வியாழக்கிழம.”

“அப்ப நான் பொதங்கிழமையே வந்துடறேன். பஸ்ஸு பொம்மசந்திராவுலயே நிக்கும்ல?”

அக்காவுக்கு பஸ் ஏறினால் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி. கல்யாணம், காதுகுத்து எதற்கும் ஊரைத் தாண்டமாட்டாள். நாங்கள் இங்கே வீடு குடிபோனபோது வரவில்லை. எனக்கு ஆபரேஷன் நடந்தபோதும் வரவில்லை. அவள் பஸ் ஏறிப் போய் நான் பார்த்ததெல்லாம் சாவு வீட்டுக்குத்தான்.

வராதே அக்கா என்று தொண்டை வரை வந்தது.

“வாக்கா” என்றேன்.